கிட்னிக்குத் தீனி போட்டவள்

ஈரல் தின்கிறவள் என்றால், நான் குழம்பில் போட்ட கோழி ஈரலை ஏன் ஒவ்வொரு தடவையும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள்? அதற்கு முதலில் பதில் சொல்லட்டும் சியோனி. பறந்ததைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எங்கள் தாலாங்கானில் சியோனிக்கு ஒரு பெட்டிக்கடை. அங்கே சோடா குடிக்க வருகிற புது மருமகள்களுக்கெல்லாம் அவள் ஒரு கதை வைத்திருக்கிறாள். லோலா பெலென் வீட்டு முன்னறையில், அதாவது இந்தப் பாட்டி வீட்டில், நெரிஸா என்று ஒருத்தி குடியிருந்தாளாம். பகலில் பெண், பொழுது சாய்ந்தால் அஸ்வாங். இடுப்போடு உடம்பைக் கழற்றிவைத்துவிட்டு மேல்பாதி மட்டும் பறந்து போகுமாம். நாக்கைக் கூரை ஓட்டை வழியாக இறக்கி, தூங்குகிற பிள்ளைகளின் ஈரலை உறிஞ்சுமாம். குட்டு வெளிப்பட்டதும் ஜன்னல் வழியாகப் பறந்து தப்பிவிட்டாளாம்.

என் வீட்டு ஜன்னலில் கம்பி இருக்கிறது. புயலுக்குப் பயந்து என் வீட்டுக்காரர் போட்ட கம்பி. அதில் பூனைகூட நுழையாது.

நேற்றுக் காலையில் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி சியோனி, அவ எந்த ஜன்னல் வழியாப் போனா? நீதானே அன்னிக்கு வினிகர் கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு என் வாசல்ல நின்ன?"

"நின்னேன், இல்லேங்கல. ஆனா நடந்து போனான்னு சொன்னா எவ உக்காந்து கேப்பா, மனாங் பெலென்? பறந்தான்னு சொன்னாத்தான் இன்னொரு பாட்டில் வாங்குறாளுங்க."

"உன் நாக்குதான்டி கூரை வழியா இறங்குது."

"இறங்கட்டும். நீங்க ஒரு சோடா குடிச்சிட்டுப் போங்க."

குடிக்கவில்லை. அவள் சோடா விற்றுக்கொள்ளட்டும். நான் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது என்பதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது.

நெரிஸா மலைப்பக்கத்துக்காரி. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, கனமான கண்ணாடி, சிரித்தால் தெரு முழுக்கக் கேட்கும். கடலைப் பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். படகில் ஏறியதும் ஒரு கையால் விளிம்பையும் மறு கையால் ஜெபமாலையையும் பிடித்துக்கொள்வாள். "தண்ணி மொள்ள மூணாவது கை வேணுமே, அக்கா" என்று என் மகன் டாண்டோய் கிண்டல் செய்வான். "அதுக்குத்தானே நீ இருக்க" என்பாள் அவள்.

நகரத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. தண்ணீரிலும் நோயாளிகளின் மலத்திலும் வைரஸ் இருக்கிறதா, இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எங்கள் முகத்துவாரத்தில் அடிக்கடி தண்ணீர் எடுக்க வேண்டியிருந்ததால் என் முன்னறையைக் கேட்டு வந்தாள். கையில் இரண்டு பனிப்பெட்டிகள். சிவப்பு, சந்தையில் மீன் வாங்க. நீலம், வேலைக்கு. நீலத்தை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் டாண்டோய் தன் பீர் பாட்டில்களை நீலப் பெட்டியின் ஐஸில் புதைத்துவைத்தான். அவள் அத்தனையையும் சேற்றில் கவிழ்த்துவிட்டு, "அந்த ஐஸ்ல நேத்து என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?" என்றாள். அவன் வேண்டாம் என்றான். அதன் பிறகு நீலப் பெட்டி இருக்கும் மூலையில் அவன் பாய்கூட விரித்ததில்லை.

கப்பல் வேலைக்குப் போன ஒருவன் அவளுக்கு நிச்சயமாகியிருந்தான். போன துறைமுகத்திலேயே வேறொருத்தியோடு இருந்துவிட்டான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வரலேன்னா வரலே, லோலா. எனக்குத்தான் வீட்ல அத்தனை புட்டி காத்துக்கிட்டு இருக்கே" என்றாள். வீடு என்று அவள் சொன்னது ஆய்வுக்கூடத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுப் பாட்டுப் பெட்டியில் மைக்கைப் பிடித்துப் பாடுவாள். குரல் கொடுமை. ஆனால் விடமாட்டாள், கடைசி வரிவரை பாடித்தான் உட்காருவாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அந்தப் பிடிவாதத்தால்தான்.

வம்பு ஆரம்பித்தது ஒரு ஞானஸ்நான விருந்தில். பன்றி வறுத்திருந்தார்கள், எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். சியோனி சும்மா இருக்கமாட்டாமல் கேட்டாள்: "அந்த நகரத்து வீட்ல அப்படி என்னதான் வேலை, இந்தாய்?"

எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவோம், மூத்தவளை மனாங் என்போம். அவளும் அன்பாகவே பதில் சொன்னாள். "கிட்னி வளர்க்கிறேன், மனாங். புட்டிக்குள்ள. விட்டு விட்டுத் தீனி போடணும், இல்லேன்னா செத்துடும்."

"என்ன தீனி?"

"கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து பிரிச்ச தண்ணி."

மேசையில் ஒரு கையும் அசையவில்லை. பாதிரியார்கூடப் பன்றித் தோலை வாயருகே வைத்தபடி நின்றுவிட்டார்.

அவள் சொன்னது பொய்யில்லை. எப்போதோ ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள். அவை புட்டியின் அடியில் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கொண்டு வளரும். வைரஸ் தனியாக வளராது, உயிருள்ள ஒன்றுக்குள் புகுந்தால்தான் பெருகும். ஆகவே தண்ணீரிலிருந்து பிடித்ததை அந்தப் புட்டிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் அவள் பிறகு எனக்கு நிதானமாகச் சொன்னாள். விருந்தில் சொல்லவில்லை. எங்கள் கபிஸ் கடற்கரையில், அதுவும் ஈரலும் குடலும் தேடி அலைகிற அஸ்வாங்குக்குப் பயந்து ஜன்னலில் பூண்டு கட்டுகிற ஊரில், கிட்னிக்கு ரத்தத் தீனி போடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன ஆகும்? மலைக்காரிக்கு அது தெரியவில்லை.

அந்த வருடம் மழையும் சரியாக இல்லை. கோடையில் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கண் மஞ்சளானது. என் பேரன், டாண்டோய் மகன் ரோமெலுக்கும்தான். சோறு இறங்கவில்லை, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. சுகாதார நிலையத்து மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஈரல் வீங்கியிருக்கு" என்றார். இது போதாதா ஊருக்கு? ஈரலாம்! அதே வாரம் நெரிஸா கையில் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களோடு வீடு வீடாக ஏறி, பிள்ளைகளின் மலம் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி அவள் முகத்துக்கு நேராக உப்பை வீசினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

முதல் டப்பாவை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். சியோனி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள்.

"பேரன் பீயை அவகிட்டக் குடுக்கறீங்களே மனாங், வச்சு மந்திரிச்சிட்டா?"

"இத்தனை நாளா ஓடைக்குக் குடுத்தோம். ஓடை நமக்கு என்ன பண்ணிச்சு? இவளுக்குக் குடுத்துப் பார்ப்போம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பிறகு பாருங்கள்.

எங்கள் பிழைப்பு சிப்பி. முகத்துவாரத்துக்கு வெளியே, கடல் ஆழம் குறைந்த இடத்தில் மூங்கில் கழிகளை ஊன்றிவைப்போம். அதில் சிப்பி தானாக ஒட்டி வளரும். வெட்டியெடுத்ததும் நேரே விற்கமாட்டோம். கூடையில் போட்டு, எங்கள் வீடுகளுக்குக் கீழே ஓடுகிற ஓடையில் தொங்கவிடுவோம். அங்கே உப்புக் குறைவு. சிப்பி வாய் திறந்து சேற்றைக் கக்கிவிட்டு, நல்ல தண்ணீர் குடித்துக் கொழுகொழு என்று ஆகிவிடும். மற்ற ஊர்ச் சிப்பியைவிடத் தாலாங்கான் சிப்பிக்கு மதிப்பு அதனால்தான். என் மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

மஞ்சள் நோய் சிப்பியால் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. நகராட்சி எஞ்சினியர் வந்து வெளிக்கழியில் ஒட்டிய சிப்பி, ஓடைக் கூடையில் இருந்த சிப்பி, ஓடைத் தண்ணீர் மூன்றையும் எடுத்து எங்கோ அனுப்பினார். சீக்கிரம் பார்க்கிற மெஷினில் போட்டார்களாம். மூன்றிலும் வைரஸ் என்று வந்தது. விற்பனையை நிறுத்தினார். அதோடு விடவில்லை.

"கழிகள் அத்தனையையும் பிடுங்கணும். இனிமே இந்தக் கரைல சிப்பி கிடையாது" என்றார்.

கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னார். கழியைப் பிடுங்கினால் எங்கள் ஊர் எதைத் தின்பது? டாண்டோய் என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்னப் பையன்போல.

நெரிஸா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், மெஷின் செத்த பாம்பையும் பாம்புன்னுதான் சொல்லும். எங்கெங்க இருக்கிறது உசுரோட இருக்குன்னு நான் பாக்கணும். அதுவரைக்கும் கழியைத் தொடாதீங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"வாரக்கணக்காகும். இந்த மஞ்சள் நோய் வைரஸ் சோம்பேறி. புட்டில இருக்கற செல்லைக் கொல்லக்கூடக் கொல்லாது, உள்ளேயே பதுங்கிக்கிட்டு மெதுவாப் பெருகும்."

"உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, மிஸ்? நீங்க இந்த ஊர் இல்லையே."

"இந்த ஊர் லோலா கையாலதான் சோறு தின்னுறேன்" என்றாள். எஞ்சினியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊர்த் திருவிழாவரை பொறுப்பதாகச் சொன்னார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். டாண்டோயின் படகில் போய், தலைசுற்றலோடு வாந்தி எடுத்துக்கொண்டே, வெளிக்கழியில் சிப்பி எடுத்தாள். ஓடையில் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்தாள். அத்தனை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பிடிப்பது? அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தாள். தண்ணீரில் கொஞ்சம் அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, கொழுப்பெடுத்த பால் பவுடரைக் கரைத்து ஊற்றி விடாமல் கலக்கினால், பால் திரிந்து பஞ்சு பஞ்சாக அடியில் இறங்கும். இறங்கும்போது வைரஸையும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் உள்ளதை எடுத்தால் போதும். ஆய்வுக்கூடத்துக்கு வரவேண்டிய பவுடர் கப்பல் தாமதத்தில் மாட்டிக்கொண்டதால், சியோனி கடைப் பவுடரை மொத்தமாக வாங்கினாள். சியோனிக்கு இது அடுத்த சாட்சி.

"பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்கு இத்தனை பால்? யாருக்கு ஊட்டுறா?"

"நீ வேணா வந்து குடிடி" என்றேன்.

அப்புறம் புயல் வந்தது. கூரைகளைத் தொடாமல் போய்விட்டது, ஆனால் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டது. மறுநாள் மதியம் நெரிஸா யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இவ்வளவு நாளில் அவள் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான். புட்டிகள் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீரப்போகிறது, நகரத்து பங்க்குகளை எல்லாம் மூடிவிட்டார்கள்.

"குளுந்து போச்சுன்னா எல்லாம் செத்துடும், லோலா. முதல்லேருந்து ஆரம்பிக்கத் திருவிழா காத்திருக்காது."

நான் சியோனி கடைக்குப் போனேன். அவள் சோடா பாட்டில்களில் பெட்ரோல் அடைத்து வரிசையாக அடுக்கிவைத்திருப்பாள், படகுக்காரர்களுக்காக.

"அத்தனையும் குடு."

"யாருக்கு?"

"கிட்னிக்கு."

சியோனி என்னைப் பார்த்தாள். வாசலில் நின்ற நெரிஸாவைப் பார்த்தாள். சியோனிக்கும் வெளிக்கடலில் கழிகள் இருந்தன. "ஏசுவே, அஸ்வாங்குக்கு என் கையாலேயே பெட்ரோல் ஊத்த வச்சுட்டீங்களே" என்று முனகிக்கொண்டு பாட்டில்களைக் கோணியில் இறக்கினாள். டாண்டோய் படகு டாங்கியைத் திறந்து இருந்ததை வடித்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் வடித்தார்கள். மீன் பிடிக்கப் போகாமல், சிப்பி வெட்டப் போகாமல், ஊரின் எண்ணெய் முழுக்கக் குரங்கு கிட்னிக்குப் போயிற்று. புட்டிகள் பிழைத்தன.

திருவிழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. கோயில் முற்றத்தில் எஞ்சினியரும் ஊரும் கூடினோம். நெரிஸா எழுந்தாள்.

"புட்டில விட்டப்போ வைரஸ் எவ்வளவு இருந்துச்சு, வாரக்கணக்காத் தீனி போட்ட பிறகு எவ்வளவு இருக்குன்னு பாத்தேன். வெளிக்கழிச் சிப்பில இருந்து எடுத்தது கூடவே இல்ல. குறைஞ்சு போச்சு. அது வெறும் பொணம். ஓடைத் தண்ணில எடுத்தது பெருகியிருக்கு. ஓடைக் கூடைல இருந்த சிப்பிலயும் பெருகியிருக்கு."

சியோனிதான் முதலில் பிடித்தாள்.

"அப்போ கடல்ல சுத்தமா இருக்கறதைக் கொண்டாந்து நாமதான் கெடுக்கறோம்னு சொல்றியா? பரம்பரை பரம்பரையா ஓடைல ஊறப்போடுறோம். அதுலதான் சிப்பி கொழுக்குது!"

"கொழுக்குது, மனாங். சிப்பி தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வடிகட்டும், வடிகட்டினதை வயித்துல வச்சுக்கும். வீட்டுக் கக்கூஸ் எல்லாம் எங்க விழுது?"

"ஓடைல."

"கூடை எங்க தொங்குது?"

சியோனி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ நாங்க இத்தனை காலமாப் பீயைத்தான் வித்தோமா?"

"ஆமா, மனாங்."

எங்கிருந்தோ டாண்டோய் சிரித்துவிட்டான். அவனை அதட்டப்போன நானும் சிரித்தேன். முற்றம் முழுக்கச் சிரித்தது, எஞ்சினியரைத் தவிர. அவர் நெரிஸாவிடம் கேட்டார்: "அப்போ வெளிக்கழிச் சிப்பி பாதுகாப்பானதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"மாட்டேன். இந்தத் தடவை எடுத்ததுல உசுரோட எதுவும் எனக்குக் கிடைக்கல. அவ்வளவுதான் எழுதுவேன். அடுத்த தடவை எடுத்தாத்தான் அடுத்த தடவை தெரியும்."

ஊர் பதறியது. ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்னவாம்? நானே அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. எஞ்சினியர் தலையாட்டினார். "இதை நான் நம்புறேன்" என்றார். கழிகளைப் பிடுங்க வேண்டாம், ஓடையில் ஒரு கூடையும் தொங்கக் கூடாது, மாதாமாதம் நெரிஸா எடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவானது.

அதன் பிறகு கடலுக்குள்ளேயே மூங்கில் பரண் கட்டிக் கூடைகளை அங்கே தொங்கவிட்டோம். சிப்பி முன்போல் கொழுக்கவில்லை. வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். கக்கூஸ்களுக்குத் தொட்டி கட்டினோம். அதில் டாண்டோய் பட்ட பாடு தனிக்கதை. புதிதாக மஞ்சள் கண் வருவது மெல்ல நின்றது. ரோமெல் தேறிவிட்டான். இன்று அவன் அப்பாவின் படகை அவன்தான் ஓட்டுகிறான், அவன் தோளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிளாஸ்டிக் டப்பா ஞாபகம் வரும்.

நெரிஸா மாதாமாதம் எடுத்தாள். ஆனால் இவ்வளவு காலமும் எங்கள் சிப்பியை ஒன்றுகூட வாயில் வைத்ததில்லை. சியோனி அதையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்: மனுஷச் சாப்பாடு அவளுக்குப் பிடிக்காது.

பிறகு வேறொரு தீவில் ஒரு குழந்தைக்குக் கால் துவண்டுவிட்டதாம். போலியோவோ என்று பயந்து, அங்கே சாக்கடைத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். கப்பலில் போக வேண்டும். "கப்பல்லயா?" என்றேன். "ஜெபமாலை ரெண்டு எடுத்துக்கிறேன், லோலா" என்றாள்.

அவள் புறப்பட்ட காலையில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. என் வாசல் முழுக்க ஜனம். டாண்டோய் பரணிலிருந்து ஒரு கூடை சிப்பி கொண்டுவந்திருந்தான். சியோனி வினிகரில் மிளகாய் நசுக்கிப் போட்டு ஒரு கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நின்றாள். "இன்னிக்காவது தின்னுட்டுப் போ. இல்லேன்னா நான் சொன்னது நிஜம்னு ஊரே நம்பும்."

நெரிஸா பெட்டிகளைக் கீழே வைத்தாள். "நல்லா வேகட்டும்" என்றாள். பானையை அடுப்பில் ஏற்றினேன். வாய் திறந்தது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். இன்னும் கொதித்தது. "இன்னும்."

"இதுக்கு மேல வெந்தா செருப்புதான்" என்றாள் சியோனி.

"செருப்பே ஆகட்டும்."

கடைசியில் எடுத்து ஊதி, சியோனியின் கிண்ணத்தில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் மென்றாள். விழுங்கிவிட்டு, "ரப்பர்" என்றாள். பிறகு இன்னொன்று எடுத்தாள். அதற்குப் பின் இன்னொன்று. கிண்ணம் காலியாகும்வரை தின்றாள். எந்தத் தாளிலும் எழுதித் தர மாட்டேன் என்றவள், எங்களுக்கு எழுதித் தந்தது அதுதான்.

சியோனி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் என்றாள்.

நான் நெரிஸாவின் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தில் சின்னவர்கள்தான் பெரியவர்கள் கையை அப்படி வைத்துக்கொள்வார்கள். அவள் பதறிப்போய்க் கையை இழுத்தாள். நான் விடவில்லை. நானும் பிடிவாதக்காரிதான்.

பிறகு அவள் சிவப்புப் பெட்டியை டாண்டோயிடம் கொடுத்தாள், பீருக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி. நீலப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். முன்னறையைக் கடந்து, கம்பி போட்ட ஜன்னலைக் கடந்து, இரண்டு கால்களாலும் தரையை மிதித்து, எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில் என் வாசல் வழியாக நடந்து போனாள்.